வெடிமருந்தைத் தேர்தலும் காத்தலும்

திருவனந்தபுரத்தைச் சுற்றி நான்கு இடங்களில் வெடிமருந்துக்கு வேலை உண்டு. கடற்கரையை ஒட்டிய தும்பாவில் அது ராக்கெட்டை வானில் ஏற்றுகிறது. 2015-ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டுப் போட்டிகளை முன்னிட்டு வட்டியூர்க்காவில் அமைந்த சுடுதளத்தில் அது தோட்டாவினின்று குண்டை உந்துகிறது. திருவிழாக் காலங்களில் கோயில் வெளிகளில் அதிர்வேட்டாகவும் வாணமாகவும் முழங்குகிறது. கிழக்கே மலையடிவாரத்துச் சிற்றூர்களில், மரவள்ளியையும் வாழையையும் காட்டுப்பன்றியினின்று காப்பதற்கென உரிமம் பெற்று வைத்திருக்கும் துப்பாக்கிகளில் அடங்கிக் கிடக்கிறது. இவ்விடங்களில் மருந்தின் வகை வேறு, அளவு வேறு, கையாளுவோரின் பயிற்சி வேறு. ஆயினும் அறிய வேண்டிய இயல்பு ஒன்றே. எந்த மருந்தை எதற்கெனத் தேர்வது, அதனை எங்கே எவ்வாறு வைப்பது என்னும் இரு வினாக்களுக்கும் விடை அந்த ஓர் இயல்பினின்றே பிறக்கிறது.

விறகு எரிவதற்குக் காற்றிலுள்ள பிராணவாயு வேண்டும். காற்றை அடைத்துவிட்டால் தீ அவிந்துவிடும். வெடிமருந்து அத்தகையதன்று, எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பது. பழைய கருமருந்தில் வெடியுப்பு இதனைத் தருகிறது. மருந்தின் எடையில் ஏறத்தாழ முக்காற்பங்கு வெடியுப்பே. எஞ்சியது கரியும் கந்தகமும். புகையில்லா மருந்தில் பிராணவாயு தனிப் பொருளாகக் கலக்கப்பெறாமல், நைட்ரோசெல்லுலோஸ் என்னும் சேர்மத்தின் அணுக்கட்டிலேயே பிணைந்துள்ளது. ஆகவே மணலைக் கொட்டியோ சாக்கைப் போட்டு மூடியோ மருந்துத் தீயை அணைக்க முடியாது. மூடுவதால் விளைவது வேறு.

அந்த விளைவை அளந்தறிந்தவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு இரசாயன அறிஞர் பால் வியேல். 1884-இல் புகையில்லா மருந்தைப் பயன்பாட்டுக்குரிய வடிவில் முதன்முதல் ஆக்கியவரும் அவரே. மருந்து எரியும் வேகம் அதனைச் சூழ்ந்துள்ள அழுத்தத்தைப் பொறுத்தது என்பது அவர் பெயரால் வழங்கும் விதி. அழுத்தம் கூடினால் எரியும் வேகம் கூடும்; வேகம் கூடினால் வாயு மிகுதியாக எழும்; வாயு வெளியேற வழியில்லையாயின் அழுத்தம் மேலும் ஏறும். திறந்த வெளியில் ‘புஸ்’ஸென்று எரிந்துபோகும் புகையில்லா மருந்து, மூடிய எஃகுக் குழலுக்குள் நொடியின் ஆயிரத்தில் சில பங்கில் எரிந்து முடிவது இதனால்தான். புகையில்லா மருந்தைப் பொறுத்தமட்டில் வெடிப்பு என்பது பெரும்பாலும் மருந்தின் குணத்தைவிட அதனை அடைத்து வைத்த கலத்தின் குணமாகும்.

தேர்வு என்பது இவ்வேகத்தைக் கலத்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்வதே. மருந்து மேற்பரப்பில் மட்டுமே எரிந்து உள்நோக்கிச் செல்லும். எனவே ஒரே எடையுள்ள மருந்து, பொடியாக இருந்தால் விரைவாகவும் பெருமணியாக இருந்தால் மெதுவாகவும் எரியும். 1 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனையே 1 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஆயிரம் துண்டுகளாக்கினால் மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. ஆசிரியர்கள் இதனைக் கற்கண்டுக் கட்டியையும் அதே எடையுள்ள கற்கண்டுப் பொடியையும் நீரில் கரைத்து நேரத்தைக் குறிக்கச் சொல்லி விளக்கலாம். மருந்தைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டிய தேவை ஒருபோதும் இல்லை.

புகையில்லா மருந்து செய்வோர் இவ்வுண்மையை நுட்பமாகக் கையாண்டனர். தகடாகச் சீவிய மருந்து எரிய எரியப் பரப்புக் குறைந்துகொண்டே வரும். நடுவே துளையுள்ள குழல் வடிவ மருந்தில் வெளிப்பரப்புக் குறைய உட்பரப்புக் கூடுவதால், எழும் வாயு ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். ஏழு துளைகள் இட்ட பெருமணிகளில் பரப்பு வளர்ந்துகொண்டே செல்லும். இவை பீரங்கிகளுக்கு உரியவை. சிறு ரவைகளை நிரப்பிச் சுடும் அகன்ற குழல் துப்பாக்கி மெல்லிய சுவருடையது, குறைந்த அழுத்தத்தையே தாங்குவது. அதற்கு விரைந்து எரியும் மருந்து சிறிதளவே இடப்படுகிறது. ஒடுங்கிய குழலும் கனத்த குண்டும் உடைய ரைபிளுக்கு மெதுவாக எரியும் மருந்து மிகுந்த அளவில் வேண்டும். பார்வைக்கு இரண்டும் சாம்பல் நிறத் தூளே. ரைபிளுக்குரிய அளவில் விரைவு மருந்தை இட்டால் குண்டு நகருமுன் அழுத்தம் உச்சத்தை எட்டித் துப்பாக்கியின் பின்பகுதி சுடுவோன் முகத்தருகே சிதறும். இந்திய மலைப்பகுதிகளில் இன்னும் காணப்படும் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிகள் கருமருந்துக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றில் புகையில்லா மருந்தைக் கெட்டித்தல், அளவு குறைவாயினும், குழலை உடைக்கவல்லது. ‘மருந்து மருந்துதானே’ என்னும் பேச்சு பல விரல்களையும் கண்களையும் பறித்திருக்கிறது.

கருமருந்துக்கும் புகையில்லா மருந்துக்கும் உள்ள வேற்றுமை புகையில் மட்டும் இல்லை. கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கசடாகத் தங்கிவிடும். அக்கசடு ஈரத்தை ஈர்த்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆண்டில் பல மாதம் காற்றில் ஈரம் கனக்கும் திருவனந்தபுரத்தில் ஒரே இரவில் இதன் தீங்கைக் காணலாம். வெடியுப்பின் வகையிலும் இதே ஈரம் தேர்வைத் தீர்மானித்தது. சோடிய வெடியுப்பு மலிவானது, ஆயினும் காற்றினின்று நீரை உறிஞ்சிக் கசியும். பொட்டாசிய வெடியுப்போ பெரும்பாலும் உலர்ந்தே நிற்கும். பீகாரில் மண்ணினின்று காய்ச்சி எடுக்கப்பட்ட பொட்டாசிய வெடியுப்புக்காக ஐரோப்பிய வணிகக் கம்பெனிகள் பாட்னாவில் முட்டி மோதியதற்கு இது ஒரு காரணம். கருமருந்து சிறு பொறிக்கும் தீப்பற்றும். திறந்த வெளியிலும் குவியலாக இருந்தால் கடுமையாகச் சீறும். புகையில்லா மருந்து பொறிக்கு அத்துணை எளிதில் இடங்கொடாது. ஆனால் வெப்பத்துக்கு அஞ்ச வேண்டிய மருந்து அதுவே. ஏறத்தாழ 170 டிகிரி சென்டிகிரேடில் தீ இன்றியே பற்றிக்கொள்ளும்.

நம் நாட்டில் இம்மருந்து வகையின் வரலாற்றைச் சொல்லும்போது நீலகிரியின் அருவங்காட்டைக் குறிப்பிடாமலிருக்க இயலாது. 1903-இல் அங்கே கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. நைட்ரோசெல்லுலோஸையும் நைட்ரோகிளிசரினையும் குழைத்துக் கயிறுபோல் இழுத்துச் செய்வது கார்டைட். இங்கிலாந்தில் 1889-இல் ஆபெலும் டிவாரும் கண்டது.

தும்பாவில் தேர்வு இதைவிட நுண்ணியதாயிற்று. 1963 நவம்பர் 21-ஆம் நாள் அங்கிருந்து முதலாவதாக ஏறிய ‘நைக்-அப்பாச்சி’ அமெரிக்காவினின்று வந்தது. பின்னர் நம்மவரே திட உந்துமருந்தை வார்க்கத் தொடங்கினர். ராக்கெட்டில் மருந்து தூளாக இராது. அம்மோனியம் பெர்குளோரேட்டு என்னும் உப்பை ரப்பர் போன்ற ஒரு பிணைபொருளில் கலந்து, நடுவே குடைவு விட்டு, ஒரே கட்டியாக வார்த்து இறுகச் செய்கின்றனர். இங்கும் பரப்பே யாவற்றையும் ஆள்கிறது. கட்டியில் மயிரிழை அளவு விரிசல் இருந்தால் தீ அவ்விரிசலுக்குள் புகுந்து பரப்பைப் பெருக்கி உறையை வெடிக்கச் செய்யும். ஆதலின் பெரிய கட்டிகளைக் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்த பின்னரே ஏற்கின்றனர். வானிலை ஆராய்ச்சிக்குப் பயன்படும் ரோகிணி-200 ராக்கெட்டில் நெடுங்காலம் பாலிவினைல் குளோரைடு பிணைபொருளாக இருந்தது. 2020 செப்டம்பரில் பாலிபியூட்டாடையீன் வகைப் பிணைபொருள் கொண்ட புது மருந்துடன் அது முதன்முறையாகப் பறந்தது. நன்கு பழகிய பழைய மருந்தை மாற்றுவதற்கு நிறுவனம் முழுவதும் சோதனை செய்ய வேண்டியிருக்கும்போது, ஒரு தனி மனிதர் மேசை விளக்கடியில் டப்பாவை மாற்றிப் பார்ப்பது எத்தகைய துணிவு என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இனிச் சேமிப்பு. மருந்தைக் கெட்டியான பெட்டியில் இறுக மூடிப் பூட்டி வைப்பதே பாதுகாப்பு என்று பலரும் கருதுகின்றனர். திருடனுக்கு எதிராக அது சரி. தீக்கு எதிராகப் பெருந்தவறு. கெட்டியான கலம் என்பது அழுத்தம் ஏறுவதற்கு இடங்கொடுக்கும் கலம். 2016 ஏப்ரல் 10-ஆம் நாள் விடியற்காலை, கொல்லம் மாவட்டத்துப் பரவூரில் புற்றிங்கல் தேவி கோயில் விழாவில், எரிந்து விழுந்த வாணம் ஒன்றின் பொறி, வெடிகளைக் குவித்து வைத்திருந்த கான்கிரீட் கட்டடத்தை எட்டியது. போட்டி வாணவேடிக்கைக்கு மாவட்ட நிர்வாகம் இசைவு மறுத்திருந்தும் அது நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காயமுற்றோர் பலர் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். கட்டடத்தின் கான்கிரீட் துண்டுகளே எறிகணைகளாகித் தொலைவில் நின்றவர்களையும் வீழ்த்தின. சுவர் காவலாக நிற்காமல் வெடிப்பின் ஒரு பகுதியாகிவிட்டது.

இதனின்று மருந்துக் கிடங்கு கட்டுவோர் கொள்ளும் முறை தெளிவு. கூரையோ ஒரு பக்கமோ மெலிதாக இருந்து, தீப்பற்றினால் எளிதில் விலகி வாயுவை ஆளில்லாத திசையில் விட வேண்டும். மற்றப் பக்கங்களில் மண்மேடு நிற்க வேண்டும். சிதறிப் பறப்பவற்றை மண் விழுங்கிவிடும். இரு கிடங்குகளுக்கிடையே வெறும் நிலம் கிடக்க வேண்டும். அந்நிலம் வீணாகக் கிடப்பதுபோல் தோன்றும், உண்மையில் கிடங்கின் மிக முக்கியமான உறுப்பு அதுவே. வேண்டிய தொலைவு மருந்தின் எடையோடு நேராக வளர்வதில்லை, எடையின் கனமூலத்தோடு வளர்கிறது. எட்டு மடங்கு மருந்துக்கு இரு மடங்கு தொலைவு வேண்டும். 2024 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட விதித்திருத்தம் வாணக் கிடங்குக்கும் வாணவேடிக்கை நிகழும் இடத்துக்கும் இடையே 200 மீட்டர் தொலைவை விதித்தது. திருச்சூர்ப் பூரம் நடத்துவோர் இதற்கு இடமில்லை என்று எதிர்த்தனர். பூரத்தின் மைதானத்தைக் கண்டவர்களுக்கு அவர்களின் இடர்ப்பாடு புரியும். கனமூலத்துக்கோ எந்த ஊரின் வழக்கமும் புரியாது.

கலப்பும் ஒரு பகை. பொட்டாசியம் குளோரேட்டு வெடியுப்பைப்போல் வெண்மையான உப்பு. அதனைக் கந்தகத்தோடு சேர்த்தால் உராய்வுக்கே வெடிக்கும் அளவுக்கு அது கூருணர்வு கொள்ளும். இக்கலவையைச் செய்வதையும் வைத்திருப்பதையும் 1992 ஜனவரியில் மத்திய அரசு தடைசெய்தது. பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாவில் கிடக்கும் வெண்தூள் இரண்டில் எது என்பதைக் கண் பார்த்து அறிய முடியாது. புகையில்லா மருந்துகளைப் பொறுத்தும் இதே நிலைதான். ஆகவே மருந்தை அது வந்த கலத்தினின்று வேறு கலத்துக்கு மாற்றலாகாது. பெயர் அழிந்த மருந்தை, அது எத்துணை விலையுயர்ந்ததாயினும், மருந்தென்றே கொள்ளலாகாது.

இடியும் மறக்கத்தக்கதன்று. 1769-இல் இத்தாலியின் பிரேஸ்சியா நகரில் மருந்து வைத்திருந்த கட்டடத்தில் மின்னல் விழுந்து நகரின் ஒரு பகுதி இடிந்தது. அதன் பின்னர் இங்கிலாந்தில் பர்ஃபிளீட் மருந்துக் கிடங்குகளை எவ்வாறு காப்பது என்று ஆராய 1772-இல் ஒரு குழு அமைக்கப்பெற்றது. பெஞ்சமின் பிராங்க்ளின் அதில் ஓர் உறுப்பினர். கோடைமழையிலும் துலாமாத மழையிலும் பிற்பகல்தோறும் இடி முழங்கும் தென்கேரளத்தில் இடிதாங்கியற்ற கிடங்கு நினைக்கவும் தகாதது. மனித உடலில் தேங்கும் நிலைமின்சாரமும் சிறிய மின்னலே. மருந்துச் சாலைகளில் இரும்புக் கருவிகளை விலக்கி மரமும் பித்தளையும் செம்பும் வழங்குவது பொறி எழாமலிருக்கும் பொருட்டு.

மருந்து தானே கெடுவது இன்னும் நுட்பமான ஆபத்து. 1846-இல் ஷோன்பைன் வெடிப்பஞ்சைக் கண்டதற்கு அடுத்த ஆண்டிலேயே இங்கிலாந்தின் ஃபேவர்ஷாமில் அதைச் செய்த ஆலை வெடித்தது. பஞ்சின் இழைகளுக்குள் அமிலம் எஞ்சியிருப்பதே இத்தகைய கேட்டுக்கு மூலம் என்பதும், பஞ்சைக் கூழாக அரைத்துப் பலமுறை கழுவினால் அது நீங்கும் என்பதும் ஆபெலின் ஆராய்ச்சியால் 1865-ஐ ஒட்டித் தெளிவாயிற்று. ஆயினும் நன்கு கழுவிய மருந்தும் காலப்போக்கில் மெல்லச் சிதையும். சிதையும்போது எழும் நைட்ரஜன் ஆக்சைடு வாயு மேலும் சிதைவைத் தூண்டும். அதனால் வெப்பம் எழும். வெப்பம் வெளியேறாவிடில் ஒருநாள் தானே தீப்பற்றும். தூலோன் துறைமுகத்தில் 1907-இல் ‘இயேனா’ என்னும் போர்க்கப்பலிலும், 1911-இல் ‘லிபர்த்தே’ என்னும் கப்பலிலும் இருந்த பழைய மருந்து இவ்வாறு பற்றியதாகவே கொள்ளப்படுகிறது. முன்னதில் நூற்றுக்கும், பின்னதில் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். போர் நடவாத காலம் அது; எதிரி எவனும் அருகில் இல்லை.

இதற்கு மாற்றாக டைஃபினைலமீன் போன்ற பொருளைச் சிறிதளவு மருந்தில் சேர்க்கின்றனர். அது நைட்ரஜன் ஆக்சைடுகளை எழும்போதே பிடித்துக்கொள்ளும். பிடித்துப் பிடித்துத் தானும் தீர்ந்துபோகும். வெப்பம் 10 டிகிரி கூடுந்தோறும் சிதைவின் வேகம் இரு மடங்குக்கும் மேலாகும். குளிர்ந்த அறையில் பல பத்தாண்டு நிற்கும் மருந்து, தகரக் கூரையின் கீழுள்ள பரணிலோ வெயிலில் நிற்கும் வண்டியிலோ எத்துணை விரைவில் மூப்படையும் என்பதை இதனின்று கணக்கிடலாம். கெட்ட மருந்து சில அடையாளங்களைக் காட்டும். நல்ல புகையில்லா மருந்தில் ஈதரை ஒத்த மெல்லிய மணம் வரும். கெட்டதில் மூக்கை அரிக்கும் அமில நெடி வரும். தூள்மேல் செம்பழுப்புப் பொடி படியும். தகரக் கலமாயின் உட்புறம் துருப்பிடிக்கும். செந்நிறப் புகை தெரிந்தால் அங்கே நிற்பதற்குரிய நேரம் கடந்துவிட்டது.

ஈரம் பட்ட கருமருந்தை உலர்த்திப் பயன்படுத்தும் வழக்கம் சிற்றூர்களில் உண்டு. அடுப்படியில் உலர்த்துவதன் கேடு சொல்லாமலே விளங்கும். நிழலில் உலர்த்தினும் அது பழைய மருந்தாகாது. நீரில் கரைந்த வெடியுப்பு தனியே பளிங்காகிப் பிரிந்து, மருந்தின் ஒரு பகுதி வேகமாகவும் ஒரு பகுதி மந்தமாகவும் எரியும்.

அமெரிக்காவில் சுட்ட தோட்டாக் கூடுகளில் வீட்டிலேயே மறுபடி மருந்திட்டுக்கொள்வது பரவலான பொழுதுபோக்கு. அங்குள்ள தீத்தடுப்பு விதிகள், மருந்தை ஆலையினின்று வந்த மெல்லிய கலத்திலேயே வைக்கச் சொல்கின்றன. அளவு கூடினால் சுமார் ஓரங்குலத் தடிப்புள்ள மரப்பெட்டி வேண்டும் என்கின்றன. எஃகுப் பெட்டி சொல்லப்படவில்லை. மரம் வெப்பத்தை மெதுவாகக் கடத்தும்; உள்ளே தீப்பற்றினால் மூட்டு விட்டு வழிவிடும். அடிபட்டவுடன் தீ எழுப்பும் கேப்புகளை மருந்தோடு ஒரே பெட்டியில் வைக்கலாகாது.

இந்தியாவில் நிலைமை வேறு. தோட்டா செய்தல் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டிய தொழில். மருந்தை வைத்திருத்தலும் கொண்டுசெல்லுதலும் 1884-ஆம் ஆண்டு வெடிபொருட் சட்டத்துக்கும் 2008-ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டவை. துப்பாக்கி உரிமம் கையில் உள்ளது என்பதால் மருந்து உரிமமும் உள்ளது என்று எவரும் கொள்ளலாகாது. இவ்விதிகளைச் செயற்படுத்தும் பெட்ரோலிய, வெடிபொருட் பாதுகாப்பு நிறுவனம் 1898-இல் தோன்றியது. தலைமையகம் நாகபுரியில் உள்ளது.

வேளாண்மை, வனத்துறைக் கள அலுவலர்கள் இப்பொருளை நேரில் எதிர்ப்படுவது பெரும்பாலும் காட்டுப்பன்றியின் பொருட்டே. 2022-இல் கேரள அரசு, பயிரழிக்கும் பன்றிகளைச் சுட உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களுக்கு ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. அதன் மறுபுறத்தில், பழத்துக்குள் வெடிவைத்துப் பன்றியைக் கொல்லும் கொடிய வழக்கமும் மறையவில்லை. 2020 மே மாதத்தில் பாலக்காட்டு மாவட்டத்தில் வெடிவைத்த பழத்தைக் கடித்து வாய் சிதைந்த கருவுற்ற யானை, வெள்ளியாற்றில் நின்றபடியே மே 27-ஆம் நாள் இறந்தது. இத்தகைய வெடிகளுக்கு மருந்து வேற்றுலகினின்று வருவதில்லை. கணக்கின்றி வீடுகளிலும் களங்களிலும் தங்கிவிடும் மிச்சங்களும் ஒரு வழியாகின்றன.

மூத்தோர் மறைந்த வீட்டின் பரணில் பழைய டப்பா ஒன்று அகப்பட்டதாகக் கள அலுவலரிடம் யாரேனும் கூறினால், அதனைத் திறக்கவோ குலுக்கவோ வெயிலில் வைக்கவோ வேண்டாமென்று முதலில் சொல்லுதல் வேண்டும். நீரில் கொட்டிவிடுவதும் தீர்வாகாது. கருமருந்தின் வெடியுப்பு நீரில் கரைந்துவிடும். புகையில்லா மருந்து கரையாது, உலர்ந்ததும் முன்போலவே எரியும். கெட்டுப்போன மருந்தை மண்ணில் புதைத்தால் தோண்டுகிறவன் கையில் அது மீண்டும் வரும். வீட்டாரை அப்புறப்படுத்தி, அடுப்பையும் புகைபிடித்தலையும் நிறுத்திக் காவல் நிலையத்துக்குச் சொல்லியனுப்புவதே அலுவலரின் வேலை. அழிக்கும் பொறுப்பு அதற்குரிய பயிற்சி பெற்றோருடையது. டப்பாவின் மேல் ஏதேனும் எழுத்து எஞ்சியிருப்பின், அதைத் தொடாமல் படித்துக் குறித்துவைத்தால் அவர்களுக்குப் பெரிதும் உதவும்.